சிரிக்காத முகங்கள்: ஐசிப் படத்திலிருந்து தன்னுருவப் படம் வரை

போன வருசம் கம்பஸில் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு வேலை செய்து பார்த்தோம். ஒவ்வொருவரும் தன்னைத் தானே படம் எடுக்க வேண்டும். கையை நீட்டி எடுக்கிற செல்ஃபி சரிவராது. போனை எங்காவது சாய்த்து வைத்து, டைமர் போட்டுவிட்டு, முன்னால் போய் நிற்க வேண்டும். 'எனக்கு எது பயம்?' என்ற கேள்விக்கு அந்தப் படம்தான் பதில். வாயால் விளக்கம் சொல்லக் கூடாது.

ஏழு படத்தையும் லப்டொப்பில் வரிசையாகப் போட்டுப் பார்த்தபோது முதலில் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது. ஏழு பேரில் ஐந்து பேர் ஐசிப் படத்துக்கு நிற்கிற மாதிரியே நின்றிருந்தோம். முதுகு சுவரோடு, தலை நேர், இரண்டு காதும் வெளியே, வாய் இறுக்கி மூடி, கை இரண்டும் பக்கத்தில் விறைத்து. சொல்லிவைத்துச் செய்யவில்லை. அப்படி நில் என்று ஆரும் சொல்லவுமில்லை. போன் எங்களுடையது, நேரம் எங்களுடையது, அறையில் வேறு ஆளும் இல்லை. ஆனாலும் உடம்பு தானாகப் போய் அடையாள அட்டைக்கு நின்றுவிட்டது.

இது ஏன் என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. தன்னுருவப் படத்தின் வரலாற்றைத் தேடினோம். அதோடு எங்கட ஊர்களில் முகமும் கமராவும் சந்தித்துக்கொண்ட வரலாற்றையும் தேட வேண்டி வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விசயம் தெரிகிறது. பயத்தைப் படம் எடுக்க நாங்கள் நினைப்பதற்கு முன்னமே, எங்கட வீடுகளில் படம் எடுப்பதே பயத்தோடு சேர்ந்துவிட்டது. முதலில் அதை அவிழ்க்காமல் மற்றது வராது.

ஆரும் அடையாளம் காட்டாத பிணம்

1839 ஆகஸ்ட் 19இல் பாரிஸில் டாகேரின் படமெடுக்கும் முறை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. அதே காலத்தில் ஹிப்பொலிட் பயார் என்ற பிரெஞ்சு அரச ஊழியர், கடதாசியில் நேரடியாகப் படம் விழவைக்கிற வேறொரு முறையைத் தனியாகக் கண்டுபிடித்திருந்தார். அந்த வருசம் ஜூனிலேயே தன் படங்களைக் காட்சிக்கும் வைத்தார். ஆனால் அரசாங்கத்தின் பெரிய மரியாதை டாகேருக்குத்தான் போனது.

1840இல் பயார் தன்னையே ஒரு படம் எடுத்தார். மேலுடுப்பு இல்லாமல், கண் மூடி, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறார். பக்கத்தில் ஒரு வைக்கோல் தொப்பி. படத்தின் பின்பக்கத்தில், இது பயாரின் பிணம் என்று தானே எழுதிவைத்தார். அரசாங்கம் ஒன்றும் தராததால் இவர் தண்ணீரில் விழுந்து செத்துப்போனார், பிணவறையில் பல நாளாகக் கிடக்கிறார், ஒருத்தரும் வந்து இது இன்னார் என்று அடையாளம் காட்டவில்லை என்பது அதன் சாரம். பகிடியும் கோபமும் கலந்த எழுத்து. உண்மையில் அவர் அதற்குப் பிறகு 47 வருசம் உயிரோடு இருந்து 1887இல்தான் இறந்தார்.

உலகின் மிகப் பழைய தன்னுருவப் படங்களில் இது ஒன்று. இதில் இருக்கிற பயம் சாவைப் பற்றியது மட்டுமில்லை. செத்த பிறகும் பெயரில்லாமல் கிடப்பேனோ, எனக்கென்று வர ஆரும் இருக்க மாட்டார்களோ என்ற பயம். பாரிஸ்காரருக்கு அது பகிடியாகச் சொல்லக்கூடிய கற்பனை. வாவிக் கரையில் வளர்ந்த எங்களால் அந்தப் பின்பக்கத்து வரிகளைப் பகிடியாக வாசிக்க முடியவில்லை. தொண்ணூறாம் ஆண்டில் வாவி மீன் வாங்காமல் இருந்த வீடுகளைப் பற்றி மூத்தவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். ஏன் வாங்கவில்லை என்று சின்னதில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

பெயரில்லாத 'தமிழ்ப் பெண்'

இலங்கைக்குக் கமரா சீக்கிரமாகவே வந்துவிட்டது. 1860களில் கொழும்பில் ஸ்கீன் கம்பனி, 1890இல் பிளாட்டே கம்பனி என்று வெள்ளைக்காரரின் ஸ்ரூடியோக்கள் தொடங்கின. இங்கிலாந்தில் பேர்போன படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் குடும்பத்தோடு இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே இறந்தார். இங்கிலாந்தில் அவர் எடுத்த பெரிய மனிதர்களின் படங்களுக்குப் பெயர் உண்டு. இங்கே எடுத்த தோட்டத் தொழிலாளர், ஊர்ப் பெண்கள் படங்களில் பெரும்பாலும் பெயர் இல்லை.

அந்தக் காலத்து அஞ்சலட்டைகளும் அப்படித்தான். படத்துக்குக் கீழே 'தமிழ்ப் பெண்', 'இலங்கைத் தமிழ்ச் சிறுமி' என்று அச்சடித்து விற்றார்கள். அந்தப் பெண்ணின் பெயர் என்ன, அவள் நிற்க விரும்பி நின்றாளா, எடுத்த படத்தை அவளுக்கு ஒருமுறையாவது காட்டினார்களா என்பதற்கெல்லாம் அட்டையில் இடமில்லை. அவள் ஒரு ஆளாக அங்கே நிற்கவில்லை, ஒரு இனத்துக்கு மாதிரியாக நிற்கிறாள்.

இந்தியாவில் பெங்களூரைச் சேர்ந்த கலைஞர் புஷ்பமாலா இதைத்தான் திருப்பிப் போட்டார். 2000 முதல் 2004 வரை, கிளேர் ஆர்னி என்ற படப்பிடிப்பாளரோடு சேர்ந்து, தென்னிந்தியப் பெண்களைப் பற்றிய ஒரு படத் தொடர் செய்தார். காலனிக் காலத்தில் மனிதரை அளந்து பார்ப்பதற்காகக் கட்டம் போட்ட திரைக்கு முன்னால் நிறுத்தி எடுத்த படங்களைப் போல, தன்னையே நிறுத்தி எடுத்துக்கொண்டார். பார்த்தால் முதலில் சிரிப்பு வரும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால், அந்தத் திரைக்கு முன்னால் முதல் நின்ற பெண்ணுக்கு என்ன மாதிரி இருந்திருக்கும் என்று யோசிக்க வரும்.

அட்டையில் ஒட்டிய முகம்

எங்கட வீடுகளில் ஆளுக்கொரு படம் என்பது பரவலானதற்கு அடையாள அட்டையும் ஒரு பெரிய காரணம். 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972இல் இருந்து அடையாள அட்டைகள் கொடுக்கப்பட்டன. படுவான்கரையில் வயலும் மாடுமாக இருந்த எத்தனையோ பேருக்கு ஆயுளில் முதலும் கடைசியுமாக எடுத்த தனிப்படம் அதுதான். கலியாணப் படம் இருந்தால் அது இரண்டாவது.

யுத்தம் வந்த பிறகு அந்த அட்டை வேறு சாமானாக மாறிவிட்டது. அது இல்லாமல் படி தாண்ட ஏலாது. அது இருந்தாலும் பயம்தான். நாட்டின் மற்றப் பகுதிகளில் கொடுத்த அட்டையில் சிங்களம் மட்டும்தான் இருந்தது. வடக்குக் கிழக்கில் கொடுத்ததில் சிங்களமும் தமிழும் இருந்தன. எல்லோருக்கும் இரண்டு மொழியில் அட்டை என்பது 2014இல்தான் வந்தது. அதனால் கொழும்பில் ஒரு சென்றியில் அட்டையை நீட்டினால், வாசிக்கத் தேவையில்லை, எழுத்தைப் பார்த்தாலே ஆள் எந்தப் பக்கத்தவர் என்று தெரிந்துவிடும். அட்டையின் பின்பக்கம் பிறந்த இடமும் இருக்கும். மட்டக்களப்பு என்று இருந்தால் இன்னும் இரண்டு கேள்வி கூடும்.

சென்றியில் நின்றவர் அட்டையைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், திரும்ப அட்டையைப் பார்ப்பார். அந்த ஒரு நிமிசத்தில் சிரிக்கவும் கூடாது, முறைக்கவும் கூடாது, குனியவும் கூடாது. ஐசிப் படத்தில் இருக்கிற முகத்தை அப்படியே திரும்பச் செய்து காட்ட வேண்டும். எங்கட அப்பாமாரும் மாமாமாரும் வருசக்கணக்காக இதைப் பழகினார்கள். எங்கட ஐந்து படங்களும் எங்கிருந்து வந்தன என்பதற்கு எங்களுக்குக் கிடைத்த முதல் விடை இது. எங்களில் பலருக்கு யுத்தம் ஞாபகம் இல்லை. ஆனால் பெரியவர்கள் கமராவுக்கு முன்னால் எப்படி நின்றார்கள் என்பதைப் பார்த்து நாங்கள் நிற்கப் பழகியிருக்கிறோம்.

சுற்றிவளைப்பில் இன்னொரு முகம் வரும். முகத்தை மூடிய தலையாட்டி. ஊரே வெளிச்சத்தில் முகத்தைக் காட்டிக்கொண்டு வரிசையில் நிற்கும். பார்க்கிறவரின் முகம் மட்டும் தெரியாது. அந்தத் தலை ஆடினால் ஆள் இல்லை. 'பார்க்கப்படுவது' என்றால் என்ன என்று படக்கலைப் புத்தகங்கள் பல பக்கம் எழுதுகின்றன. எங்கட ஊர்களில் அதை வெயிலில் நின்று படித்திருக்கிறார்கள்.

நாங்கள் படிக்கிற இந்த வந்தாறுமூலை வளாகமே 1990இல் ஒரு அகதி முகாமாக இருந்தது. சுற்றியுள்ள ஊர்களில் இருந்து பல்லாயிரம் சனம் வந்து தங்கியிருந்தது. அந்த வருசம் செப்டெம்பர் 5ஆம் திகதி இராணுவம் வந்து 158 பேரைப் பிடித்துக்கொண்டு போனது. அவர்கள் திரும்பவில்லை. நான்கு நாள் கழித்துச் சத்துருக்கொண்டானில் குழந்தைகள், பெண்கள் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அதற்கு ஒரு மாதம் முன்னம், ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டு நின்ற நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் சுட்டுக் கொன்றிருந்தார்கள். அந்தப் பள்ளிவாசல் சுவரில் சன்னம் பட்ட ஓட்டைகளை இன்றைக்கும் பூசாமல் வைத்திருக்கிறார்கள். சுவரில் ஆட்களின் படம் மாட்டாத வீடுகளும் எங்களுக்குள் உண்டு. அங்கே ஞாபகம் வேறு வடிவத்தில் இருக்கிறது. ஆர் ஆரைக் கொன்றார்கள் என்பதை எங்கட ஊர் தனக்கு வசதியான பாதியில் மட்டும் சொல்லிப் பழகியிருக்கிறது. எங்கட ஏழு பேரில் இரண்டு பாதியும் இருந்ததால் எங்களுக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை.

காணாமல் போனவர்களைத் தேடத் தொடங்கியபோது அதே ஐசிப் படம் திரும்ப வெளியே வந்தது. முகாம் வாசலுக்கு, 1994க்குப் பிறகு வந்த விசாரணை ஆணைக்குழுக்களுக்கு, 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான காணாமல் போனோர் அலுவலகத்துக்கு என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பிரதி. அம்மாமார் மடியில் வைத்துக்கொண்டு வீதியோரம் உட்கார்ந்திருப்பதும் அந்தப் படத்தைத்தான். ஆளைக் கண்காணிக்க எடுத்த படமே ஆளைத் தேடுகிற படமாக மாறியது. தேடி முடியாத வீடுகளில் அதை ஸ்ரூடியோவில் கொடுத்துப் பெருப்பித்து, சிலவேளை ஒரு கோட்டும் டையும் வரைந்து ஒட்டி, சட்டம் போட்டு மாட்டினார்கள். சில வீடுகளில் மாலை போடவும் மனமில்லை, போடாமல் இருக்கவும் மனமில்லை. அதனால் படத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பூ மட்டும் வைப்பார்கள்.

வேறு படங்கள் ஏன் இல்லை என்று கேட்டால், இருந்ததுகளை எரித்துப்போட்டோம் என்று சொன்ன வீடுகள் உண்டு. சோதனைக்கு வந்தால் படத்தில் பக்கத்தில் நிற்பவன் ஆர் என்று கேட்பார்கள். அந்தப் பதிலுக்குப் பயந்து அல்பத்தோடு அடுப்பில் போட்டார்கள். மிஞ்சியதைக் கடற்கரைப் பக்கத்து ஊர்களில் 2004 டிசம்பர் 26 கொண்டுபோனது. நாவலடிப் பக்கம் தன் குழந்தைக் காலத்துப் படம் ஒன்றும் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கமரா தன் கையில் இருந்தால்

இதற்கு நேர் எதிரான ஒரு மனிதரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓவியர் அம்ரிதா ஷெர்கிலின் அப்பா உம்ராவ் சிங் ஷெர்கில். 1870இல் பஞ்சாபில் பிறந்து 1954இல் இறந்தவர். வசதியான நிலவுடைமைக் குடும்பம். சமஸ்கிருதமும் பாரசீகமும் படித்தவர். ஏறக்குறைய அறுபது வருசமாகத் தன்னைத் தானே படம் எடுத்துக்கொண்டே இருந்தார். இளவயசில் தலைப்பாகையோடு, பிறகு புத்தகங்களுக்கு நடுவில், தொலைநோக்கியோடு, யோகாசனத்தில், கிழவனாக. மகள் 1941இல் 28 வயசில் இறந்தாள். அதற்குப் பிறகும் அவர் இருந்தார். அந்தப் படங்களை வரிசையாகப் பார்த்தால், வயசு போவதற்குப் பயப்படுகிற ஒரு மனிதர் ஒவ்வொரு வருசமும் தன் உடம்பை எண்ணிப் பார்க்கிற மாதிரித் தோன்றுகிறது. இது எங்கட வாசிப்பு. அவர் தன் பயத்தைப் பற்றி எங்களிடம் சொல்லவில்லை.

அவருக்குக் கமரா, கண்ணாடித் தட்டு, இருட்டறை எல்லாம் வீட்டிலேயே இருந்தன. எங்கட ஊரில் ஒருவரின் ஆயுளுக்கு ஒரு படம் என்றிருந்தபோது அங்கே ஒருவர் தன்னை ஆயுள் முழுக்க எடுத்திருக்கிறார். தன்னைப் பற்றி யோசிக்க நேரமும் சாமானும் ஆருக்குக் கிடைக்கிறது என்பதும் இந்த வரலாற்றில் ஒரு பகுதிதான். இன்றைக்கு எங்கட கையிலும் போன் இருக்கிறது. சாமான் வந்துவிட்டது, பழக்கம் இன்னும் வரவில்லை.

ஜோ ஸ்பென்ஸ் செய்த வேலை

நாங்கள் அதிகம் தங்கி நின்றது ஜோ ஸ்பென்ஸிடம்தான். 1934இல் லண்டனில் தொழிலாளர் குடும்பமொன்றில் பிறந்தவர். செயலாளராக வேலை செய்து, பிறகு சொந்தமாக ஒரு ஸ்ரூடியோ நடத்தியவர். கலியாணப் படம், பிள்ளைகள் படம் என்று ஊருக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தார். எடுக்க எடுக்க அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. குடும்ப அல்பத்தில் எல்லாரும் சிரிக்கிறார்கள். நோய், சண்டை, கடன், வெட்கம் ஒன்றும் அல்பத்தில் இல்லை. 1979இல் தன் சொந்த அல்பத்தையே எடுத்து, அதில் இல்லாததையெல்லாம் எழுதிக் காட்டி ஒரு காட்சி வைத்தார்.

1982இல் அவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. வாட்டில் படுத்திருந்தபோது மருத்துவர் ஒருவர் மாணவர்களோடு வந்து, அவரிடம் ஒழுங்காக ஒன்றும் பேசாமல், வெட்ட வேண்டிய இடத்தில் மையால் ஒரு அடையாளம் போட்டார். தன் உடம்பு தன் கையை விட்டுப் போய்விட்டது என்று அவர் உணர்ந்த நேரம் அது. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் எடுத்துவைத்த ஒரு படம் இருக்கிறது. தன் மார்பின் மேல் பேனாவால், இது ஜோ ஸ்பென்ஸின் சொத்துத்தானா என்ற கேள்வியை எழுதிக்கொண்டு நிற்கிறார். பயந்த முகம்தான். ஆனால் கேள்வி கேட்கிற முகமும் அதுதான்.

இரண்டு வருசத்துக்குப் பிறகு ரோஸி மார்ட்டின் என்ற தோழியோடு சேர்ந்து ஒரு முறையை உருவாக்கினார். படத்தால் மனசைப் பார்க்கிற முறை என்று சொல்லலாம். ஒருவர் கமராவுக்கு முன்னால், மற்றவர் பின்னால். முன்னால் இருப்பவர்தான் எப்படி நிற்பது, என்ன உடுப்பது, எப்போது எடுப்பது என்று தீர்மானிப்பார். தன் அம்மாவாக உடுத்திக்கொண்டு நிற்பார், பள்ளிக்கூடப் பிள்ளையாக நிற்பார், நோயாளியாக நிற்பார். பின்னால் இருப்பவர் அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு எடுப்பார். பிறகு இடம் மாறுவார்கள்.

இதில் இரண்டு விசயம் எங்களைப் பிடித்தது. ஒன்று, பட்டனை மற்றவர் அமத்தினாலும் அது தன்னுருவப் படம்தான். எது தெரிய வேண்டும், எது தெரியக் கூடாது என்று தீர்மானிப்பது ஆர் என்பதில்தான் அது இருக்கிறது. ஐசிப் படத்தில் அந்தத் தீர்மானம் எங்களுடையதாக இருக்கவில்லை. மற்றது, பயத்தோடு ஆளைத் தனியே விடுவதில்லை. எங்கட ஊரில் பயந்த பிள்ளைக்குத் திருநீறு போட்டு, தண்ணீர் ஓதி, பக்கத்தில் ஆள் படுக்கிற வழக்கம் இருக்கிறது. பயந்தவரைத் தனிய விடக்கூடாது என்பது ஸ்பென்ஸ் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. ஆனால் கமராவுக்கு முன்னாலும் அது பொருந்தும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. நாங்கள் ஏழு பேரும் அறையைப் பூட்டிக்கொண்டு தனித்தனியாக எடுத்தோம்.

1990இன் கடைசியில் ஸ்பென்ஸுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. உடம்பு முடியாமல் போனபோது, தன் பழைய படங்களின் மேல் வேறு படங்களை ஒட்டி, எலும்புக்கூட்டுப் பொம்மையை வைத்து, தன் சாவையே கற்பனை செய்து படங்கள் செய்தார். 1992இல் இறந்தார். படம் அவரைக் காப்பாற்றவில்லை. காப்பாற்றும் என்று அவர் சொல்லவுமில்லை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை வேண்டும். சுனாமிக்குப் பிறகு எங்கட கரையோர முகாம்களில் பிள்ளைகளுக்குக் கலர் பென்சில் கொடுத்து அலையை வரையச் சொன்னார்கள். நல்ல மனசோடுதான் செய்தார்கள். ஆனால் ஒரு நிறுவனம் போக இன்னொன்று வர, திரும்பத் திரும்ப அதே அலையை வரைந்த பிள்ளைகள் இருந்தார்கள். வலியைக் காட்டு என்று வெளியாள் கேட்பதும் ஒருவகைச் சென்றிதான். காட்டாமல் இருக்கவும் ஆளுக்கு உரிமை வேண்டும். தாங்க முடியாத பயம் உள்ளவருக்குப் படம் மருந்தாகாது. அவருக்கு வைத்தியரும் வேண்டும், கதைக்க ஆளும் வேண்டும்.

முடியால் மூடிய முகம்

காட்டாமல் இருப்பதையே ஒரு படமாக்கலாம் என்று எங்களுக்குக் காட்டியவர் கொழும்புக் கலைஞர் அனோலி பெரேரா. 2010, 2011 காலத்தில் அவர் செய்த படத் தொடரில் பெண்கள் பழைய ஸ்ரூடியோப் படம் மாதிரி ஒழுங்காக உடுத்திக்கொண்டு நாற்காலியில் இருக்கிறார்கள். ஆனால் நீளமான முடியை முன்னால் விரித்து முகத்தை முழுக்க மூடியிருக்கிறார்கள். பார்க்கிறவருக்கு முகம் கிடைக்காது. தலைவிரி கோலம் என்றால் எங்கட ஊரில் பெண்ணுக்கு என்ன பெயர் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். காலனிக்காரர் 'தமிழ்ப் பெண்' என்று விற்ற அட்டைக்கு நூறு வருசம் கழித்து வந்த பதில் மாதிரி இருந்தது எங்களுக்கு.

எங்களில் இருக்கிற பெண்களுக்கு இது இன்றைய விசயமும்தான். எங்கட வயசுப் பிள்ளைகள் எத்தனை பேர் ஃபேஸ்புக்கில் தன் முகம் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பூ, பொம்மை, நடிகை, மழைத்துளி. முகத்தை எடுத்து வேறு உடம்பில் ஒட்டுவான் என்ற பயம், அண்ணன் பார்ப்பான் என்ற பயம், கலியாணப் பேச்சில் ஆரோ கொண்டுவந்து காட்டுவான் என்ற பயம். இதை 'வெட்கம்' என்று சொல்லித் தட்டிவிடுகிறோம். சென்றி போய்விட்டது. ஆனால் முகத்தை வெளியே எடுப்பதற்கு முன் ஆர் பார்ப்பான், என்ன செய்வான் என்று கணக்குப் போடுகிற பழக்கம் பெண் பிள்ளைகளுக்குப் போகவில்லை. பெரேராவின் பெண்கள் பயத்தால் ஒளிக்கவில்லை, முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டு தரமாட்டேன் என்கிறார்கள். பூப்படம் வைப்பதற்கும் அதற்கும் இடையில் இருக்கிற தூரம்தான் நாங்கள் கடக்க வேண்டியது என்று எங்களுக்குப் பட்டது.

இரண்டாம் முறை

இவ்வளவும் வாசித்த பிறகு திரும்ப எடுத்தோம். இந்த முறை இரண்டு இரண்டு பேராக. ஏழாவது ஆள் எல்லாருக்கும் உதவி. மூன்று ஒழுங்கு வைத்தோம். நிற்பவர் சொல்வதைத்தான் எடுப்பவர் செய்ய வேண்டும். வேண்டாம் என்றால் அந்த இடத்திலேயே அழிக்க வேண்டும். நிற்பவர் கேட்காமல் எந்தப் படமும் எந்தக் குறூப்பிலும் போகக் கூடாது. அதனால்தான் இந்தக் கட்டுரையோடு ஒரு படமும் வரவில்லை.

என்ன வந்தது என்று கொஞ்சம் சொல்லலாம், கேட்டுத்தான் சொல்கிறோம். கடலுக்குப் பயந்த ஒருவர் கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் வாவித் தண்ணீரில் முழங்கால் மட்டும் இறங்கி நின்றார். முகம் வேண்டாம், கால் மட்டும் என்றார். ஒரு பெண் தன் ஷோலை முழுக்க முகத்தின் மேல் போட்டுக்கொண்டு, மூச்சு உள்ளே போகும்போது துணி ஒட்டுகிற நேரத்தில் எடுக்கச் சொன்னார். இன்னொருவர் பரீட்சையில் தவறிவிடுவோமோ என்ற பயத்தை எடுக்க வந்து, சிரிப்பு வந்து, கடைசியில் சிரிக்கிற படத்தையே வைத்துக்கொண்டார். எல்லாப் பயமும் பெரிய பயமாக இருக்க வேண்டும் என்றில்லை. ஒருவர் எடுத்த எல்லாவற்றையும் அழித்துவிட்டார். அவருக்கும் அது வேலை செய்தது என்றுதான் சொன்னார்.

எங்களில் ஒருவர் படுவான்கரையில் தன் பெத்தாவிடம் போனார். பெத்தப்பா 1990இல் போனவர், திரும்பவில்லை. சுவரில் இருப்பது ஐசிப் படம். என்ன செய்கிறோம் என்று பெத்தாவுக்குச் சொன்னபோது, "எனக்கும் ஒண்டு எடு மனே" என்றார். போனை மேசையில் போத்தலில் சாய்த்து வைத்து, ஹேண்ட்ஸ்ஃப்ரீ வயரை அவர் கையில் கொடுத்து, இந்தப் பட்டனை அமத்தினால் படம் விழும், நீங்க நினைக்கிற நேரம் அமத்துங்க என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றார் பேரன்.

பெத்தா முதலில் சேலையைச் சரிசெய்தார். பிறகு சுவரைத் திரும்பிப் பார்த்தார். பெத்தப்பாவின் படத்தைக் கழற்றி மடியில் வைப்பார் என்று பேரன் நினைத்தார். வைக்கவில்லை. வெற்றிலைத் தட்டத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காலை நீட்டி, திண்ணைத் தூணில் சாய்ந்துகொண்டார். கனநேரம் ஒன்றும் செய்யவில்லை. அவருக்கு எது பயம் என்று பேரன் கேட்டார். அதற்குத்தான் அந்தப் பதில் வந்தது.

"நான் செத்தாப் பிறகு நீங்க என்ர ஐசிப் படத்தப் பெருப்பிச்சு மாட்டிருவீங்களெண்டுதான் பயம். அதில நான் நான் மாதிரி இல்ல. உங்கட பெத்தப்பாவும் அதில அவர் மாதிரி இல்ல. இத மாட்டு."

பிறகுதான் பட்டனை அமத்தினார். ஒருமுறை இல்லை, பதினொரு முறை.